தக்காளி சிவக்க மெஜந்தா தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் நீங்கள் வெளியிடும் கண்மயக்குப் படங்களைப் பற்றி இந்தக் கடிதம். கணினியில் ஒளிப்படத்தை மாற்றிக் கண்ணை ஏமாற்றும் கலை பிள்ளைகளுக்கு அறிவியலைக் கையில் எடுத்துக் கொடுப்பது போன்றது. அதற்கு இடம் ஒதுக்குகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படங்களில் பாதி, அச்சில் வேலை செய்வதில்லை. "தள்ளி நின்று பார்த்தால் வேறு முகம் தெரியும்" என்று எழுதியிருக்கிறது. பிள்ளை கூடத்தின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாலும் அதே குழப்பமான முகம்தான். படத்தைச் செய்தவர் மீது தவறில்லை. இணையத் திரைக்காகச் செய்த படத்தை ஒரு பத்தி அகலத்துக்குச் சுருக்கி, நியூஸ்பிரிண்ட் எனும் நாளிதழ்க் காகிதத்தில், சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு என்ற நான்கு மையில் அடித்தால் அப்படித்தான் ஆகும். எந்த மாயை எந்தக் காகிதத்தில் நிற்கும், எது நிற்காது என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. அதை உங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்கும், வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் அந்த இரு முகப் படம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஓட் ஒலிவா, அன்டோனியோ டொரால்பா, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஷின்ஸ் ஆகியோர் 2006-இல் விரிவாக எழுதிய முறை இது. ஒலிவா செய்த ஐன்ஸ்டைன்–மர்லின் மன்றோ படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு முகத்தில் நுண்ணிய கோடுகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம், இன்னொன்றில் பெரிய வெளிச்ச நிழல் திட்டுகளை மட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறோம். கிட்டத்தில் கோடுகள் வெல்லும், தூரத்தில் திட்டுகள் வெல்லும்.

செய்யும் விதம்: நேராகக் கேமராவைப் பார்க்கும் இரண்டு முகங்களைத் தேர்ந்தெடுங்கள். கிட்டத்தில் தெரிய வேண்டியவருக்குச் சுருக்கம், மீசை, மூக்குக்கண்ணாடி என்று கோடுகள் நிறைய இருக்கட்டும். வயதானவர் முகம் மிகப் பொருத்தம். தூரத்தில் தெரிய வேண்டியவருக்கு அடர்ந்த கருமுடி, தெளிவான கன்னம் என்று பெரிய பரப்புகள் வேண்டும். இரண்டையும் கருப்பு வெள்ளையாக்கி 1200 பிக்சல் சதுரத்தில் இரண்டு லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான படலங்களாக வையுங்கள்; கிட்டத்து முகம் மேலே, தூரத்து முகம் அடியில். மேல் லேயரின் ஒபாசிட்டியை (அடியில் இருப்பதை மறைக்கும் அளவை) 50% ஆக்கி, முதலில் கண்களைக் கண்களோடு பொருத்துங்கள், பிறகு உதட்டை. இந்தப் பொருத்தத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. கண் கண்ணின் மேல் சரியாக உட்கார்ந்தால், கிட்டத்தில் பார்க்கும்போது அடியில் இருக்கும் திட்டுகளை மூளை அந்த முகத்தின் நிழல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு விரற்கடை விலகினாலும் முகத்தில் கரி அப்பியது போல இருக்கும்.

அடி லேயருக்கு காஸியன் பிளர் (மங்கலாக்கும் வடிகட்டி) 20 பிக்சல். மேல் லேயருக்கு ஃபோட்டோஷாப்பில் ஹைபாஸ் (நுண்கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிகட்டி) 6 பிக்சல் கொடுத்து, பிளெண்ட் மோடை (லேயர்கள் கலக்கும் விதத்தை) லீனியர் லைட் என்று வைத்து, ஒபாசிட்டியை 50% ஆக்குங்கள். ஏன் இந்த 50 என்றால், ஹைபாஸ் படம் நடுச்சாம்பலைச் சுற்றி ஏறி இறங்குகிறது. லீனியர் லைட் அந்த ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்குகிறது, பாதி ஒபாசிட்டி அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிறது. பலர் பழக்கத்தில் ஓவர்லே போடுகிறார்கள். ஓவர்லேயில், அடியில் கருப்பாக இருக்கும் இடத்தில் மேலே உள்ள கோடு தெரியாமல் அமுங்கிவிடும், அதனால் கருமுடியின் மேல் வரும் நெற்றிச் சுருக்கம் காணாமல் போகும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்கள் மேல் லேயரை நகலெடுத்து, நகலை 6 பிக்சல் பிளர் செய்து, கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட் மோடில் மூலத்தோடு இணைத்து, கிடைத்ததை கிரெய்ன் மெர்ஜ் மோடில் அடி லேயர் மேல் வைத்தால் அதே கணக்கு வரும். இன்னொன்று: அடி லேயரின் லெவல்ஸில் (வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி; 0 கருப்பு, 255 வெள்ளை) வெளியீட்டு எல்லையை 60 முதல் 200 வரை சுருக்கிவிடுங்கள். இல்லையென்றால் கோடுகள் சேரும்போது வெள்ளையும் கருப்பும் முட்டி, விவரம் வெட்டுப்படும்.

திரையில் சோதிக்க, 10% அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுருங்கிய பிறகும் கிட்டத்து முகமே தெரிந்தால் ஹைபாஸ் அளவு அதிகம்; 6-ஐ 4 ஆக்குங்கள். முழு அளவில் தூரத்து முகம் எட்டிப் பார்த்தால் பிளர் போதாது. 20-ஐ 25 ஆக்குங்கள். கைப்பேசியில் எடுத்த படமென்றால் கேமராவே கோடுகளைக் கூர்மையாக்கி வைத்திருக்கும், அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

இப்போது அச்சுக்கு வருவோம். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. அந்த ஒரு பாகைக்குள் 3 முதல் 5 கருப்பு வெள்ளைக் கோட்டு இணைகள் வந்தால் நம் கண்ணுக்கு மிக எளிதாகத் தெரியும். பத்தைத் தாண்டினால் மங்கலானவை மறையத் தொடங்கும். மேலே சொன்ன அளவுகளில், தூரத்து முகம் படத்தின் முழு அகலத்துக்கு ஏறத்தாழ 11 கோட்டு இணைகளுக்குள் அடங்குகிறது. கிட்டத்து முகம் 37-க்கு மேலே இருக்கிறது. படத்தை 15 செ.மீ. அகலத்தில் அடித்து 3 மீட்டர் தள்ளி வைத்தால் 11 என்பது பாகைக்கு ஏறத்தாழ 4 ஆகிறது, கண்ணுக்கு மிக வசதியான இடம். 37 என்பது 13 ஆகிறது, மறைகிறது. மாயை வேலை செய்கிறது.

அதே படத்தை ஒரு பத்தி அகலத்துக்கு, அதாவது 4 செ.மீ.க்குச் சுருக்கினால் என்ன ஆகிறது? 35 செ.மீ. தூரத்தில் நாளிதழைப் பிடித்திருப்பவர், 15 செ.மீ. படத்தை 131 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். இரண்டு முகமும் கலந்து தெரியும் நடு இடத்தில் அவர் ஏற்கெனவே நிற்கிறார். கிட்டத்து முகம் அவருக்குத் தெளிவாகக் கிடைப்பதேயில்லை. போதாக்குறைக்கு ஸ்கிரீன், அதாவது அச்சில் படத்தை உருவாக்கும் புள்ளி வரிசை. நியூஸ்பிரிண்டில் அங்குலத்துக்கு 85 வரி என்றால் 4 செ.மீ.யில் 134 புள்ளிகள்தான். அதிலிருந்து 67 கோட்டு இணைகளுக்கு மேல் எதையும் காட்ட முடியாது, 37-க்கு மேலே இருக்க வேண்டிய நுண்கோடுகளில் பெரும்பகுதி புள்ளிகளிலேயே கரைந்துவிடும். ஆர்ட் பேப்பரில் 150, 175 வரியில் அடிக்கும் காலண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. நாளிதழில் இந்த வகைப் படத்துக்கு நான்கு பத்தி அகலம் கொடுங்கள், முடியாவிட்டால் போடாதீர்கள். படத்தின் கீழே "3 மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்" என்று தூரத்தையும் எழுதுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நடக்கவே வேண்டாம், ஒரு மீட்டரிலேயே முகம் மாறிவிடும். அதையும் எழுதினால் பிள்ளைகள் கொண்டாடுவார்கள்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்து அகியோஷி கிடாவோகா 2017-இல் வெளியிட்ட ஸ்ட்ராபெரிப் படம். பழங்கள் சிவப்பாகத் தெரியும், ஆனால் சிவப்பு மேலோங்கிய பிக்சல் ஒன்றுகூடப் படத்தில் இருக்காது. நம் சமையலறையில் தக்காளியும் வற்றல் மிளகாயும் வைத்து இதைச் செய்யலாம்.

வெள்ளைத் தட்டில் பழுத்த தக்காளி, பக்கத்தில் கறிவேப்பிலை அல்லது கொத்தமல்லி, சன்னல் வெளிச்சம். படத்தைத் திறந்து, மேலே ஒரு புதிய லேயரை முழுக்க சயான் நிறத்தால் நிரப்புங்கள்: சிவப்பு 0, பச்சை 255, நீலம் 255. பிளெண்ட் மோட் நார்மல், ஒபாசிட்டி சரியாக 50%. அவ்வளவுதான். தட்டும் இலையும் நீலம் பாய்ந்து நிற்க, தக்காளி மட்டும் சிவப்பாகவே தெரியும்.

அந்த 50-இல்தான் நேர்மை இருக்கிறது. பாதிக்குப் பாதி கலக்கும்போது எந்தப் பிக்சலிலும் சிவப்பு 127.5-ஐத் தாண்ட முடியாது. பச்சையும் நீலமும் 127.5-க்குக் கீழே போக முடியாது. ஆக, உலகத்திலேயே மிகச் சிவந்த பழமாக இருந்தாலும் அது வெறும் சாம்பலாகத்தான் முடியும். உண்மையான தக்காளி அதைவிடக் கீழே. 200, 40, 30 என்று இருந்த பிக்சல் ஏறத்தாழ 100, 147, 142 ஆகிறது, அதாவது பச்சை நீலம் கலந்த சாம்பல். ஒபாசிட்டியை 40-க்குக் குறைத்தால் படம் இன்னும் அழகாக இருக்கும். ஆனால் அப்போது தக்காளியில் உண்மையாகவே சிவப்பு மிஞ்சியிருக்கலாம், அது மாயையல்ல. 65, 70 என்று ஏற்றினால் சிவப்பு உணர்வு வலுவிழக்கும்.

கண் ஏன் ஏமாறுகிறது? தட்டு, இலை, மேசை எல்லாமே ஒரே போல நீலம் பாய்ந்திருப்பதால், இது வெளிச்சத்தின் நிறம் என்று மூளை முடிவு செய்து அதைக் கழித்துவிடுகிறது. சாம்பலிலிருந்து சயானைக் கழித்தால் சிவப்புதான் மிஞ்சும். 2015-இல் சிலருக்கு நீலமும் கருப்புமாகவும் சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமாகவும் தெரிந்து, உலகை இரண்டு கட்சியாக்கிய உடையின் படத்திலும் இதே கழித்தல்தான், வெளிச்சத்தை யார் எப்படி ஊகித்தார்கள் என்பதில் மட்டும் வேறுபாடு. அதனால்தான் கருப்புப் பின்னணியில் தக்காளியைத் தனியாக வைத்து எடுத்தால் இது பலிக்காது. வெளிச்சத்தை ஊகிக்கச் சாட்சி வேண்டும். வெள்ளைத் தட்டு அந்தச் சாட்சி. ஓர் அட்டையில் மிளகளவு ஓட்டை போட்டுத் தக்காளியின் மேல் வைத்தால், ஓட்டைக்குள் சாம்பல் தெரியும். அட்டையை எடுத்தால் சிவப்பு திரும்பும்.

கெடுப்பவை பல. கைப்பேசி கேலரியின் ஆட்டோ என்ஹான்ஸ் பொத்தான் நிறச் சமநிலையைச் சரி செய்து உண்மைச் சிவப்பைக் கொண்டுவந்துவிடும். மங்கலாக இருக்கிறதே என்று கான்ட்ராஸ்ட் ஏற்ற விரும்பினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே கர்வ் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வளைகோடு) கொடுங்கள்; அப்போது சிவப்பு மற்ற இரண்டையும் முந்தாது. தனித்தனியாகத் தொட்டால் கணக்கு உடையும்.

அச்சில் இது இன்னும் சிக்கல். நாளிதழில் சாம்பல் நிறம் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து உருவாகிறது. அன்றைய ஓட்டத்தில் மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் தக்காளி உண்மையிலேயே சிவந்துவிடும். கீழே "இதில் சிவப்பே இல்லை" என்று எழுதியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு மெஜந்தாப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவன் உங்களை நம்ப மாட்டான்.

இதற்கு வழி இருக்கிறது. மெஜந்தா, மஞ்சள் மைகளுக்கான பிளேட்டுகளில் (அச்சுத் தகடுகளில்) அந்தப் படத்தின் இடத்தை வெறுமையாக விட்டு, சயானும் கருப்பும் மட்டுமே கொண்டு அடியுங்கள். சயான் லேயரைச் சேர்த்து முடித்த பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் பச்சையையும் நீலத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, இரண்டுக்கும் அதே மதிப்பைக் கொடுங்கள். அதை ச என்று வைத்துக்கொள்வோம். கருப்பு மையின் விழுக்காடு, 1-இலிருந்து ச வகுத்தல் 255-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கியது. சயான் மையின் விழுக்காடு, 1-இலிருந்து சிவப்பு வகுத்தல் ச-வைக் கழித்து 100-ஆல் பெருக்கியது. நம் தக்காளிப் பிக்சலுக்குக் கருப்பு 43, சயான் 31 வருகிறது. வெள்ளைத் தட்டுக்குக் கருப்பு 0, சயான் 50. தட்டைவிடத் தக்காளியில் சயான் குறைவு, அந்தக் குறைவே சிவப்பாகத் தெரிகிறது. இலையின் பசுமை போய்விடும், அது இந்த முறைக்குக் கொடுக்கும் விலை.

ச எப்போதும் 127-க்குக் குறையாததால் கருப்பு மை 50 விழுக்காட்டைத் தாண்டாது. நியூஸ்பிரிண்டில் மை பரவி 50 விழுக்காட்டுப் புள்ளி 70-க்கு மேல் கருக்கும் என்பது உங்கள் அச்சகத்தாருக்குத் தெரிந்ததுதான். அந்தப் பரவலே படத்துக்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுத்துவிடும். தனியாகக் கான்ட்ராஸ்ட் ஏற்ற வேண்டாம். இரண்டு மையில் அடித்த படத்தில் மூன்றாவது நிறம் தெரிவதை ஒரு நாளிதழ் தன் எல்லா வாசகர்களுக்கும் காட்டலாம். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் வண்ணக் கட்டக் கோடுகள் போட்டு முழுப்படமும் வண்ணமாகத் தெரியவைப்பது, நார்வேயின் ஓய்விண்ட் கோலோஸ் 2019-இல் பரப்பியது. இதை அச்சில் தவிர்த்துவிடுங்கள். கோடுகளுக்கு மிகச் செறிந்த நிறம் வேண்டும், நியூஸ்பிரிண்ட் அதைத் தராது. ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தம், கொஞ்சம் விலகினாலும் கோட்டின் ஓரத்தில் நிறம் சிதறும். திரையில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1500 பிக்சல் படத்துக்கு 6 பிக்சல் கோடு, 24 பிக்சல் இடைவெளி என்று வைத்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பிக்சல் கோடு போட்டு ஜேபெக்கில் அனுப்பினால், கோட்டின் நிறம் பக்கத்துச் சாம்பலுக்குள் உண்மையாகவே கசிந்துவிடும். பிறகு யாராவது நிறம் தொட்டுப் பார்க்கும் கருவியை வைத்தால் சாம்பல் கட்டத்தில் நிறம் இருக்கும், பொய் சொன்னதாக ஆகும்.

நாளிதழுக்கென்றே பிறந்தது போன்ற மாயை ஒன்று உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடரிக் கிங்டம், அலி யூனெஸி, எலெனா கியோர்கியு மூவரும் கண்டு, 2007-இல் ஆண்டின் சிறந்த மாயைக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றது. பைசா கோபுரத்தின் ஒரே படத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வலப்பக்கக் கோபுரம் அதிகம் சாய்ந்திருப்பதாகத் தெரியும். இரண்டையும் ஒரே காட்சி என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரே காட்சியில் மேலே உயரும் இரண்டு இணைக் கோபுரங்கள் உச்சியில் நெருங்க வேண்டும். நெருங்காததால் விலகிச் சாய்வதாகப் படிக்கிறது. மூலையிலிருந்து சாய்வாக ஓடும் தண்டவாளம், கீழிருந்து எடுத்த உயர்ந்த கட்டடம், எதுவானாலும் பலிக்கும். படத்தைத் திருப்பிப் போடக் கூடாது, அப்படியே நகலெடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை இடைவெளியோ கட்டமோ விடாதீர்கள். விட்டால் இரண்டு தனிப் படமாகத் தெரிந்து மாயை குன்றும். ஸ்கிரீனோ மையோ ரிஜிஸ்டரோ எதுவும் இதைக் கெடுக்காது. கருப்பு வெள்ளையில், இரண்டு பத்தி அகலத்திலேயே போதும்.

1980-இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சன் செய்த தலைகீழ் முகமும் அப்படியே. கண்களையும் வாயையும் நீள்வட்டமாக, ஓரம் 8 பிக்சல் மங்கும்படி வெட்டி, அதே இடத்தில் தலைகீழாக ஒட்டி, பிறகு முழு முகத்தையும் கவிழ்த்து அச்சிடுங்கள். கவிழ்ந்திருக்கும்போது சாதாரண முகம், நாளிதழைத் திருப்பினால் திடுக்கிட வைக்கும். இதைச் செய்ய ஒருவரின் ஒப்புதல் வாங்கிய படத்தை மட்டுமே எடுங்கள்.

சிறுவர் பக்கத்துக்கு வெளியே, செய்திப் பக்கத்துக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முகத்தை நீங்கள் கட்டம் கட்டமாக்கி மறைக்கிறீர்கள். இரு முகப் படத்தில் சொன்ன அதே கணக்கு இங்கேயும் செல்லும். கட்டங்களின் கூரிய விளிம்பு நுண்கோடு, அது கிட்டத்தில் மட்டுமே கண்ணை மறைக்கிறது. நாளிதழைத் தள்ளிப் பிடித்தாலோ கண்ணை இடுக்கினாலோ விளிம்புகள் மறைந்து, கட்டங்களின் வெளிச்ச நிழல் சேர்ந்து முகமாகிவிடும். பெல் ஆய்வகத்தின் லியோன் ஹார்மன் 1973-இலேயே லிங்கன் முகத்தைச் சில நூறு கட்டங்களாக்கி இதைக் காட்டினார். முகத்தின் அகலத்துக்கு 16 கட்டம் இருந்தாலே தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தக் குழந்தையின் தெருவில் இருப்பவர்கள் எல்லோருமே தெரிந்தவர்கள்தான். படத்தைச் சின்னதாக அச்சிடும்போது நிலைமை இன்னும் மோசம், தள்ளிப் பிடிக்கும் வேலையை அளவே செய்துவிடுகிறது. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு அந்த அடையாளம் வெளியே வரக் கூடாது என்கிறது. மொசைக், பிளர் இரண்டையும் கைவிட்டு, தலைமுடியும் காதும் கழுத்தும் சேர்ந்து மறையும்படி ஒரே நிறத்தில் முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய பிறகு லேயர்களை ஒன்றாக்கி, புதிய கோப்பாகச் சேமித்து, அதையே பக்கத்துக்கும் இணையப் பதிப்புக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் லேயருக்கு அடியில் இருக்கும் கோப்பு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இப்படிக்கு,
படத்தொகுப்பும் அச்சுமுன் பணியும் கற்பிக்கும் ஆசிரியர்கள்,
சிவகாசி